முதுகு ஸ்கேனில் எலும்பையும் பாருங்கள்

முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்க வருபவர்களை மேசையில் படுக்க வைப்பது என் வேலை. நான் டெக்னீஷியன். திண்டிவனம், மரக்காணம், வானூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மெட்டியைக் கழற்றச் சொல்வேன், கொண்டை ஊசியை எடுக்கச் சொல்வேன், இடுப்பில் சொருகிய சாவிக்கொத்தை வாங்கி வைப்பேன். "உள்ளே டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும் ஆயா, பயப்படாதீங்க, அசையாம படுங்க" என்பேன். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால், சில நிமிடங்களில் முதல் வரிசைப் படங்கள் திரைக்கு வந்துவிடும். இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நடுநடுவே டிஸ்க்.

எல்லோரும் பார்ப்பது அந்த டிஸ்க்கைத்தான். வந்தவர் கேட்பதும் அதைத்தான்: "ஜவ்வு விலகியிருக்கா தம்பி?" மறுநாள் வரும் ரிப்போர்ட்டும் டிஸ்க்கைப் பற்றித்தான் பக்கம் நிறையப் பேசும். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பிதுங்கியிருக்கிறது, நரம்பை லேசாக அழுத்துகிறது, இத்தனை மில்லிமீட்டர். முள்ளெலும்புக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: மஜ்ஜையின் தோற்றம் இயல்பாக உள்ளது. முப்பது வயது பேருந்து ஓட்டுநருக்கும் அதுதான், எழுபது வயது ஆயாவுக்கும் அதுதான். கணினியில் ஏற்கெனவே அடித்து வைத்த மாதிரிப் படிவத்திலிருந்து அது அப்படியே வந்து விழுகிறது.

ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டரின் பொறுப்பு; அதில் கை வைக்க எனக்கு உரிமையில்லை, வைக்கவும் மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி வெளியே பேசியாக வேண்டும் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பெண்களின் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற சேதி அந்தப் படத்தில் இருக்கிறது. காசு கொடுத்து எடுத்த படம். அந்தச் சேதியை யாரும் படிக்காமல் மூடி வைக்கிறோம்.

என் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் தனியாக எழுந்து நிற்கும் பாறை மலை. மேலே முக்தியாசலேசுவரர் கோயில், குகையில் ஆதி மனிதர்கள் கீறிய கோடுகள். வரலாறு தேடுகிறவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அடிவாரத்தில் எங்கள் தாய்மார்கள் தலைமுறை கல்லோடு வாழ்ந்தது. ஆண்கள் பாறையைப் பிளக்க, பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே சுத்தியலால் ஜல்லி உடைத்தார்கள், சும்மாடு கட்டிக் கூடை சுமந்தார்கள். கிரஷர் வந்த பிறகு கையால் உடைப்பது போய்விட்டது; சுமந்த முதுகுகள் மட்டும் மிச்சம். அவர்கள்தான் இப்போது அறுபது, எழுபது வயதில் ஸ்கேனுக்கு வருகிறார்கள். பல பேருக்கு உயரம் குறைந்திருக்கிறது. முதுகு முன்னே வளைந்திருக்கிறது. "வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கூன்களில் பலவற்றுக்குக் காரணம், யாருக்கும் தெரியாமல் நொறுங்கிப்போன முள்ளெலும்பு.

மஜ்ஜை என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு நாக்குக்குத் தெரியும். ஆட்டுக்கால் நல்லியைத் தட்டி உறிஞ்சினால் வருகிறதே, அதுதான். நல்லியில் வருவது பெரும்பாலும் மஞ்சள் மஜ்ஜை, அதாவது கொழுப்பு. முள்ளெலும்பிலும் விலாவிலும் இருப்பது சிவப்பு மஜ்ஜை. ரத்த அணுக்கள் அங்கேதான் உற்பத்தியாகின்றன. பிறந்த குழந்தையின் எலும்புக்குள் ஏறக்குறைய முழுவதும் சிவப்புதான். வளர வளரக் கை, கால்களிலிருந்து தொடங்கி உள்நோக்கி மஞ்சளாக மாறிக்கொண்டு வரும். வயதான காலத்தில் முள்ளெலும்பிலும் கொழுப்பு ஏறும். இது எல்லோருக்கும் நடப்பது. எலும்புப்புரை நோய் உள்ளவர்களுக்கு இது அளவுக்கு மீறி நடக்கிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரான்ஸின் லியோன் நகரத்து மருத்துவர் பியர் மெனியே. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, எலும்பு குறைந்த இடங்களில் மஜ்ஜைக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதை 1971-ல் எழுதினார். காரணம் பிறகு விளங்கியது. எலும்பைக் கட்டும் செல்லும் கொழுப்புச் செல்லும் ஒரே மூலச்செல்லிலிருந்து பிறக்கின்றன. வயது, ஹார்மோன் குறைவு, சில மருந்துகள், ஸ்டீராய்டு என்று ஏதோ ஒன்று அந்தத் தாய்ச்செல்லைக் கொழுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறது. கட்டுகிற ஆள் குறைகிறான், எலும்பு மெலிகிறது.

அன்று அதைப் பார்க்க எலும்பைக் குத்தியாக வேண்டும். இன்று குத்த வேண்டியதில்லை, எம்.ஆர்.ஐ. போதும். எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம்: கெட்டி எலும்பு எங்கள் திரையில் கறுப்பாகத்தான் தெரியும். அதனால்தான் எலும்பென்றால் எக்ஸ்ரே, சி.டி. என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். ஆனால் முள்ளெலும்பு என்று திரையில் நாங்கள் பார்ப்பது அதற்குள் நிறைந்திருக்கும் மஜ்ஜையைத்தான். இயந்திரம் தேடுவது ஹைட்ரஜன். தண்ணீரிலும் ஹைட்ரஜன் உண்டு, கொழுப்பிலும் உண்டு. இரண்டும் காந்தத்துக்குள் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன, எங்கள் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அந்த வித்தியாசம் நொடிக்குச் சுமார் 220 சுற்று. இரண்டும் ஒரே திசையில் நிற்கும் கணத்தில் ஒரு படம், எதிரெதிராக நிற்கும் கணத்தில் ஒரு படம். கூட்டினால் தண்ணீர் தனியாகக் கிடைக்கும், கழித்தால் கொழுப்பு தனியாகக் கிடைக்கும். தாமஸ் டிக்ஸன் என்ற அமெரிக்கர் 1984-ல் சொன்ன வழி இது. இன்று விற்கும் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அவர் பெயரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சில நிமிடம் கூடுதலாக ஆகும். ஊசியில்லை, கதிர்வீச்சு இல்லை. ஒரு முள்ளெலும்புக்குள் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று எண்ணாகவே வந்துவிடும்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரிஃபித் குழு 2005-ல் வயதான ஆண்களை ஆராய்ந்தது. எலும்பு திடமாக இருந்தவர்களுக்கு முள்ளெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு. புரை நோய் உள்ளவர்களுக்கு 58 விழுக்காடு. மஜ்ஜைக்குள் ஓடும் ரத்தமும் நோயுள்ளவர்களுக்குக் குறைந்திருந்தது. பெண்களைப் பார்த்தபோதும் அதே போக்கு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு, முள்ளெலும்பு முறிந்தவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம் என்று 2013-ல் சொன்னது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் செய்த வேலை. புதிதாக எந்தப் படமும் அவர்கள் எடுக்கவில்லை. முதுகு வலிக்காக வழக்கமாக எடுக்கும் டி-1 என்ற வகைப் படத்தில் இடுப்பின் முதல் நான்கு முள்ளெலும்புகள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்று அளந்து, மூன்றாவது எலும்புக்கு நேரே இருக்கும் தண்டுவட நீரின் வெளிச்சத்தால் வகுத்தார்கள். கொழுப்பு டி-1 படத்தில் வெளிச்சமாகத் தெரியும். ஆகவே எண் கூடினால் எலும்பின் தரம் குறைவு. 2020-ஐ ஒட்டி வெளிவந்த இந்தக் கணக்குக்கு வேண்டியது ஐந்து வட்டமும் ஒரு வகுத்தலும். எங்கள் திரையிலேயே போடலாம். இயந்திரத்தை ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஓட்ட வேண்டியதில்லை.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருமுக்கல் பெண்ணின் மஜ்ஜை ஹாங்காங் ஆணின் மஜ்ஜை அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் உடம்பு என்ன செய்யும்? இருக்கிற மஜ்ஜையையெல்லாம் ரத்தம் செய்யும் வேலைக்கு இழுக்கும். மஞ்சளாக மாறியதைக்கூடத் திரும்பச் சிவப்பாக்கும். படத்தில் எலும்பு கறுத்துத் தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கணக்கை வைத்துப் பார்த்தால் "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று வரும். உண்மையில் அவளுக்கு ரத்தமும் இல்லாமல், எலும்பும் இல்லாமல் இருக்கலாம்.

பட்டினி இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. உடம்பில் சதை இல்லாதவரின் எலும்புக்குள் கொழுப்பும் இருக்காது என்றுதான் நாம் நினைப்போம். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்து போகும் நோயுள்ள பெண்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். தோலுக்கடியில் கொழுப்பு குறைந்துபோனவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு அதிகமாக இருந்தது, எலும்பு மெலிந்திருந்தது. அவர்கள் நோயால் சாப்பிடாதவர்கள். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டுக் கல் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னா குழு, வருமானம் குறைந்த குடும்பப் பெண்களின் எலும்பை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டது. நாளொன்றுக்கு அவர்களுக்குக் கிடைத்த கால்சியம் 300 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. வேண்டியது ஆயிரம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே அந்தப் பெண்களில் பலருக்கு எலும்பு மெலிந்திருந்தது. வேலூர் சி.எம்.சி. 2008-ல் வெளியிட்ட ஆய்விலோ, மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புரை நோய்.

சர்க்கரை நோய் மூன்றாவது சிக்கல். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனையில் அளவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் எலும்பு முறியும். டெக்ஸா எடை போடுவது கால்சியத்தை மட்டும். உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் என்ற மாத்திரை மூலச்செல்லைக் கொழுப்புப் பக்கம் தள்ளக்கூடியது. பெண்களுக்கு எலும்பு முறியும் அபாயத்தைக் கூட்டுவது. (அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.)

ரத்தசோகை ஒரு பக்கம் இழுக்க, பசியும் சர்க்கரையும் இன்னொரு பக்கம் இழுக்க, இந்த முள்ளெலும்புக்குச் சரியான அளவு எது என்று யாரோ உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். அதை ஐஸ்லாந்துக்காரர் நமக்காகச் செய்யமாட்டார். முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. முதுகு வலிக்காரர்கள் தினமும் வரும் இடங்கள் இவை. அவர்களின் படங்களையும் ஹீமோகுளோபின் அளவையும் சர்க்கரை அளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கே நல்ல பொருள். நம் பெண்களுக்கான அளவுகோல் அப்படித்தான் பிறக்கும்.

கொழுப்புக் கணக்கு வருவதற்குக் காலம் ஆகலாம். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்ற வருடம் ஒரு அம்மா வந்தார். கல் சுமந்தவர், பிறகு மல்லாட்டை பிடுங்கும் கூலி. வேறு எங்கோ எடுத்த பழைய எம்.ஆர்.ஐ. பிலிமை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். ரிப்போர்ட்டில் டிஸ்க் பற்றி மட்டும் இருந்தது. பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்பின் முதல் எலும்பு முன்பக்கம் அழுந்தி ஆப்பு வடிவில் இருந்தது. எலும்புப்புரையில் முறிவு பெரும்பாலும் நிகழும் இடமே அதுதான், மார்பும் இடுப்பும் சேரும் பகுதி. புதிதாக எடுத்த படத்தில் அதற்கு மேலே இருந்த எலும்பும் நொறுங்கியிருந்தது. கொழுப்பை அணைத்துவிட்டு எடுக்கும் படத்தில் அந்த இரண்டாவது எலும்பு பளிச்சென்று வெளுத்து நின்றது. அப்படி வெளுத்தால் முறிவு புதிது. பழையது மற்ற எலும்புகளின் நிறத்துக்கே திரும்பியிருந்தது. எங்கள் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் எழுதினார். முதல் முறிவை அப்போதே கண்டு மருந்து தொடங்கியிருந்தால் இரண்டாவதைத் தடுக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஒரு முள்ளெலும்பு நொறுங்கியவருக்கு அடுத்தது நொறுங்கும் அபாயம் பல மடங்கு.

மஜ்ஜையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நொறுங்கிய எலும்பெல்லாம் புரை நோயால் நொறுங்கியதாக இருக்காது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் உண்டு, புற்றுநோய் பரவுவதும் உண்டு, மஜ்ஜையிலேயே தோன்றும் மைலோமா என்ற புற்றுநோயும் உண்டு. நொறுங்கிய எலும்புக்குள் கொழுப்பின் வெளிச்சம் மிச்சமிருந்தால் மனம் ஆறுதலடையலாம். மஜ்ஜை முழுக்க டிஸ்க்கைவிடக் கறுத்துப்போயிருந்தால் கட்டியா என்று தேட வேண்டும். இரண்டு எலும்பும் நடுவிலிருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து அரித்திருந்தால், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தால், காசநோயை நினைக்க வேண்டும். எந்த மருந்து என்பதே இதில் மாறிப்போகும்.

டாக்டர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். ஒருவரே ஒரு நாளில் அத்தனை ரிப்போர்ட் எழுதுகிறார். கேட்டு அனுப்பிய எலும்பு மருத்துவர் டிஸ்க்கைப் பற்றித்தான் கேட்கிறார். மஜ்ஜைக் கொழுப்பை வைத்து மருந்து தொடங்கலாம் என்று எந்த வழிகாட்டு நெறியும் இன்னும் சொல்லவில்லை. மூன்றும் உண்மை. எலும்புப்புரையை உறுதிசெய்ய இன்றும் டெக்ஸாதான். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த மைனஸ் 2.5 என்ற கோடுதான். யாரும் எலும்பைப் பார்ப்பதற்கென்று தனியாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். அப்படி எடுக்கச் சொல்லிப் பணம் பறிக்க யாராவது கிளம்பினால் அதை முதலில் எதிர்ப்பவனாக நான் இருப்பேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு ஆயா டெக்ஸா எடுக்கப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எம்.ஆர்.ஐ.க்கு வருகிறார்கள், கடன் வாங்கியாவது வருகிறார்கள். வருகிறவரைத் தட்டிக்கழிக்காமல், யாரை டெக்ஸாவுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிக்கவாவது அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம் அல்லவா?

ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், முள்ளெலும்புகளின் உயரம் குறைந்திருக்கிறதா, மஜ்ஜையின் நிறம் வயதுக்கு ஏற்றதுதானா என்று பார்த்து எழுதும்படி அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். தனியார் மையங்களும் பின்பற்றும். படிவத்திலிருந்து வரும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாலே போதும், எழுதுகிறவர் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் ஒரு அளவு நாடா வைத்து உயரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். இளமையில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பார்க்க அனுப்பட்டும். முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யார் கண்ணிலும் படாமலே போகின்றன.

கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஊசி, கால்சியம், வைட்டமின் டி. கேழ்வரகுக் கூழ் இந்தப் பக்கத்தில் இன்னும் மறக்கப்படவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். எதுவுமே வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வைத்தியம் அல்ல.

உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ முதுகு ஸ்கேன் எடுத்திருந்தால், அந்தப் பிலிமை வீட்டில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். டிஸ்க்கைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்ட பிறகு, எலும்பு எப்படி இருக்கிறது, ஏதாவது நொறுங்கியிருக்கிறதா, டெக்ஸா எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.